அறுநூற்றுப் பன்னிரண்டு சீட்

"இந்த ரெண்டாவது வரி வேண்டாம். எடுத்துடச் சொல்லு" என்றாள் ஹியாம்.

கைப்பேசித் திரையில் அப்பாவின் மரண அறிவிப்பு இருந்தது. சரிபார்த்துத் தரும்படி அச்சகத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். குளியலறையில் அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் விழும் சத்தமும், இடையிடையே ஓதுகிற குரலும் கூடத்துக்குக் கேட்டன. அதற்குள் அவள் ஒரு காற்புள்ளியை நகர்த்தியிருந்தாள், சுற்றியிருந்த கறுப்புக் கோட்டை மெல்லியதாக்கச் சொல்லியிருந்தாள், எழுத்தின் வடிவத்தை மாற்றச் சொல்லியிருந்தாள். கண்காட்சி வைப்பவள் அவள், இருபது வருஷப் பழக்கம். அப்பா செத்த காலையிலும் கை சும்மா இருக்கவில்லை.

"எந்த வரி?" என்றான் அண்ணன் முன்ஸிர்.

"'லஸ்ஸீக் என்று அறியப்பட்ட'ங்கற வரி."

முன்ஸிர் அவளை ஏறிட்டுப் பார்த்தான். லஸ்ஸீக் என்றால் அந்த ஊர்ப் பேச்சில் ஒட்டுகிறவன். விடாமல் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு திரிகிறவனைக் கிண்டல் செய்யவும் அதே சொல்தான். லெபனானில் திராபுலுஸ் நகரத்துப் பழைய கடைத்தெருவில் ஐம்பது வருஷம் சினிமா போஸ்டரும் சாவு நோட்டீஸும் ஒட்டியவருக்கு ஊர் வைத்த பெயர் அது. பள்ளிக்கூடத்தில் ஹியாமுக்கு 'லஸ்ஸீக் மகள்' என்றுதான் பெயர். பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்வாள் என்று பெண்கள் தள்ளி உட்காருவார்கள்.

"அதை எடுத்துட்டா செத்தது யாருன்னு எவனுக்குத் தெரியும்?" என்றான் முன்ஸிர். "ஊர்ல அப்பா பேரே அதுதானே."

"அப்துர் ரஸ்ஸாக் ஸப்பூஹ்தான் அப்பா பேரு."

"அது அடையாள அட்டையில இருக்கற பேரு. அந்தப் பேரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டது டாக்டரும் போலீஸும்தான்."

"ஒரு மனுஷனைப் பட்டப்பேரோட அடக்கம் பண்ணணுமா, முன்ஸிர்? கொஞ்சம் மரியாதையா இருக்கட்டுமே."

"ஓ, மரியாதையா இருக்கணும்." அவன் கைப்பேசியை வாங்கிக்கொண்டான். "அப்ப அந்த எடத்துல வேற ஏதாவது போடுவோமா? 'நுஜூம் தியேட்டர் உரிமையாளர்'னு?"

தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருந்த நஜ்லா அத்தையின் விரல் நின்றது. அப்பாவின் தங்கை அவள். யாரையும் பார்க்காமல் மறுபடி உருட்டத் தொடங்கினாள்.

ஹியாமுக்குக் காதுவரை சூடேறியது. அண்ணனுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் அவன் அதை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"நாலு மணிக்கு பெய்ரூத்லேர்ந்து ஆளுங்க வர்றாங்க" என்று மட்டும் சொன்னாள்.

"அதானே பார்த்தேன்." முன்ஸிர் எழுந்து பால்கனிக்குப் போனான். போகிறபோக்கில், "உன் இஷ்டம். சுவத்துல எதை ஒட்டணும், எதை ஒட்டக் கூடாதுன்னு எங்களைவிட உனக்குத்தானே தெரியும்? அப்பா வெளிச்சுவத்துல ஒட்டினார், நீ உள்சுவத்துல ஒட்டறே. குடும்பத் தொழில்" என்றான். பிறகு அச்சகத்துக்குப் பேசி, அந்த வரியை எடுக்கச் சொல்வது அவள் காதில் விழுந்தது.

அந்தப் பொய்யை ஹியாம் சொல்லவில்லை. ரொம்ப நாள் அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாரிஸில் ஒரு சின்னக் கண்காட்சிக் கூடத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த புதிது. பத்திரிகைக்காரி ஒருத்தி, "உங்கப்பா என்ன செய்தார்?" என்று கேட்டாள். "சினிமாவில் இருந்தார்" என்றாள் ஹியாம். அது பொய்யில்லை. பள்ளிக்கூடப் படிவத்தில் தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் அப்பாவே 'சினிமா' என்றுதான் எழுதச் சொல்லுவார். அடுத்த வாரம் அச்சில் வந்தபோது அது 'வடக்கு லெபனானில் தியேட்டர் நடத்தியவரின் மகள்' என்று ஆகியிருந்தது. திருத்தச் சொல்லலாம் என்று தொலைபேசியை எடுத்தாள். அதற்குள் கூடத்தின் முதலாளி வந்து, "இதை நீ சொல்லவே இல்லையே!" என்று கட்டிக்கொண்டார். எடுத்த தொலைபேசியை வைத்துவிட்டாள்.

பொய்க்கு ஒரு வேளை சோறு போட்டால் வாசலிலேயே படுத்துக்கொள்ளும். ஒரு கண்காட்சிக் கையேட்டிலிருந்து அடுத்த கையேட்டுக்கு அந்த வரி தானே நடந்து போனது. ஐந்தாறு வருஷத்தில், 'படம் ஓட்டும் அறையில் தூங்கி வளர்ந்தவள்' என்று ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. அதை மட்டும் அவளே சொன்னாள். அப்பாவின் கட்டிலுக்கு அடியில் ஒட்டாமல் மிஞ்சிக் கிடந்த எழுபத்து மூன்று போஸ்டர்களை, பத்திரமாக வைத்துக்கொள்கிறேன் என்று வாங்கிப் போய்த்தான் அவள் பெயர் வாங்கிய அந்தக் கண்காட்சியை வைத்தாள். ஒவ்வொரு போஸ்டருக்குப் பக்கத்திலும் சின்ன எழுத்தில், 'நுஜூம் தியேட்டர் உரிமையாளர் குடும்பச் சேகரிப்பு' என்று ஒட்டியிருந்தது. எத்தனையோ மேடைகளில், படைப்பைச் செய்தவன் பெயரைச் சரியாக எழுதாத சுவர் சுவரே இல்லை என்று பேசியவள் அவள்.

அந்தக் கண்காட்சி பெய்ரூத்துக்கு வந்தபோது அப்பாவைக் கூப்பிடவில்லை. "படி ஜாஸ்திப்பா, உங்க முட்டி தாங்காது" என்றாள். கூடம் இரண்டாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் உண்டு.

பிறகு படத் தயாரிப்பில் இறங்கினாள். இரண்டு படங்கள் வெளிநாட்டு விழாக்களில் பேசப்பட்டன. மூன்றாவது படம் ஒரு தியேட்டர் முதலாளியின் கதை, அதாவது அவள் அப்பாவின் கதை. பெய்ரூத்தில் ஒரு கலை அறக்கட்டளை பாதிச் செலவை ஏற்றிருந்தது. அதன் தலைவி மதாம் நயிலாதான் இன்றைக்கு நாலு பேருடன் ஜனாஸாவுக்கு, கடைசி மரியாதை செலுத்த, வருகிறாள். அவள் இந்த ஊர்ச் சுவரில் 'லஸ்ஸீக்' என்று படித்துவிட்டால் படமும் போயிற்று, இருபது வருஷமும் போயிற்று.

இதற்கு நடுவில் ஒன்று நடந்தது. மூன்று வருஷம் முன்பு ஒரு வெளிநாட்டுப் பத்திரிகை, இவளுக்குச் சொல்லாமலே, அவள் அப்பாவைத் தேடிப் போய்விட்டது. விமான நிலையத்தில் அந்தப் பத்திரிகையைப் புரட்டியபோது ஹியாம் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். தோளில் தொங்குகிற, அளவு பெரிதான பழுப்புக் கட்டம் போட்ட கோட்டு. கைமுனையில் ஒரு வெள்ளைப் புள்ளி. அச்சுப் பிழை என்று கண் தானாகக் குறித்துக்கொண்டது. கீழே அப்பா சொன்னது: 'அறுநூற்றுப் பன்னிரண்டு சீட். வெள்ளிக்கிழமை ஒன்றுகூடக் காலியாக இருக்காது. என் மகள் மேலே படம் ஓட்டும் அறையில் தூங்கிவிடுவாள், நான்தான் தூக்கி வருவேன்.'

அன்று மாலை அப்பாவுடன் பேசினாள். முட்டி வலியைப் பற்றியும் ஆரஞ்சு விலையைப் பற்றியும் பேசினார்கள். அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. அதற்கு அடுத்த வருஷம்தான் அவருக்கு மேட்டுத் தெருவில் இந்தப் புது வீட்டைப் பார்த்துக் குடிவைத்தாள். பழைய கடைத்தெருவில் அவரை யாராவது பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது இவளைத் தேடி வருகிறவர்கள் காதில் விழ வேண்டாம் என்பதும் ஒரு காரணம். நல்ல காரணங்களும் இருந்தன. அதனால் இதைத் தனியாக நினைத்துப் பார்க்காமல் இருக்க முடிந்தது.

குளிப்பாட்டி முடித்துக் கஃபன் துணி உடுத்தியதும் பெண்களைக் கூப்பிட்டார்கள். ஹியாம் குனிந்து நெற்றியில் முத்தமிட்டாள். கற்பூர வாசனை மட்டும் அடித்தது. சின்ன வயதில் அவர் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாலே அடிக்குமே, புளித்த மாவு வாசனை, அதை நன்றாகக் கழுவி எடுத்திருந்தார்கள்.

பத்தரை மணிக்கெல்லாம் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது என்று அச்சகத்தில் சொன்னார்கள். மிச்சம் நாற்பது தாள் வீட்டுக்கு வந்தது. அழகாக இருந்தது. நிறைய வெள்ளை இடம், மெல்லிய கோடு, நடுவில் பெயர்.

துக்கம் கேட்க வருகிறவர்களுக்குச் சர்க்கரை போடாத காப்பியை ஒரு பெரிய பாத்திரம் நிறையக் காய்ச்சி வைத்தார்கள். சொந்தக்காரர்கள் பதினைந்து பேர் வந்தார்கள். அவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லியிருந்தது. அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் யாரும் வரவில்லை. வாடகைக்கு எடுத்துப் போட்ட நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. காப்பி ஆறியது, மறுபடி சூடுபடுத்தினார்கள், மறுபடி ஆறியது.

ளுஹர் தொழுதுவிட்டு ஒரு மணிக்கு முன்ஸிர் திரும்பி வந்தான். உட்காரவில்லை.

"பழைய பள்ளிவாசல்ல இப்பத்தான் சொல்லிட்டு வர்றேன். சாயந்தரம் அஸர் தொழுகைக்கு அப்புறம் ஒரு ஜனாஸான்னு இமாம் அறிவிச்சார். பக்கத்துல உக்காந்திருந்தவன் என்கிட்டயே கேக்கறான், யாரு மவுத்துன்னு. வெளியில நம்ம நோட்டீஸ் முன்னாடி நாலு பேரு நிக்கறாங்க. எல்லாரும் அப்பாகூட உக்காந்து சீட்டாடினவங்க. படிக்கறாங்க, 'அல்லாஹ் ரஹ்மத் செய்யட்டும், யாரோ பாவம்'னுட்டுப் போறாங்க."

"நீ சொல்லியிருக்கலாமே" என்றாள் ஹியாம்.

"ஒவ்வொருத்தனா நிறுத்தி, செத்தது எங்கப்பாதான்னு சொல்லவா?" அவன் காலி நாற்காலிகளைப் பார்த்தான். "இந்த ஊர்ல எத்தனை பேரு மவுத்தை அவர் ஊருக்குச் சொல்லியிருப்பார், ஹியாம்? மழையில நனைஞ்சு, வெயில்ல காஞ்சு. அவருக்குப் பின்னால நின்னு தொழ ஒரு வரிசை ஆள் சேராது போலிருக்கு."

முன்ஸிர் முகம் கழுவப் போனான்.

ஹியாம் சமையலறைக்குப் போனாள். பின்பால்கனியில் துணி காயப்போடும் கொடிக்குக் கீழே அப்பாவின் பசை வாளி இருந்தது. இந்த வீட்டுக்கு எதற்கு இது என்று இரண்டு வருஷம் முன்பு அவள்தான் சண்டை போட்டாள். உள்ளே நீளக் கைப்பிடி பிரஷ் காய்ந்து மட்டையாகக் கிடந்தது. அவள் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி மைதா மாவைக் கரைத்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

நஜ்லா அத்தை வாசலில் வந்து நின்றாள். "என்னடி இது? மைய்யித்து இருக்கற வீட்டுல அடுப்பு மூட்டிச் சமைக்கறே? பக்கத்து வீட்டுலேர்ந்து சாப்பாடு வரும்."

"சமைக்கல அத்தை. பசை."

அத்தை பாத்திரத்தைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று ஹியாம் நினைத்தாள்.

"கட்டி தட்டும். விடாம கிண்டு" என்றாள் அத்தை. கொஞ்சம் பொறுத்து, "பூச்சி அரிக்காம இருக்க அவன் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவான். அந்தத் தகர டப்பாவுல இருக்கும் பாரு" என்றுவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டாள்.

கடைத்தெரு முனையில் பழம் விற்கிற அபூ ஹைஸம் தன் எலுமிச்சம்பழ வண்டிக்குப் பக்கத்தில் நின்று நோட்டீஸைப் படித்துக்கொண்டிருந்தார். உதடு அசைய எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆள். கறுப்பு உடுப்பும் கையில் வாளியுமாக வந்த ஹியாமை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"யாரோ ஸப்பூஹ் குடும்பமாம். பெரிய எடம் போல. எழுத்தே எவ்வளவு நாகரிகமா இருக்கு பாருங்க" என்றார்.

ஹியாம் வாளியைக் கீழே வைத்தாள். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, சுவரில் வைத்து, தடித்த கறுப்புப் பேனாவால் பெயருக்குக் கீழே இருந்த வெள்ளை இடத்தில் 'லஸ்ஸீக்' என்று எழுதினாள். எழுத்து கோணலாக விழுந்தது. பழைய நோட்டீஸின் மேல் பசையைத் தடவி இதை ஒட்டினாள். பசை ஒரு பக்கம் வழிந்தது, ஒரு பக்கம் பற்றவில்லை. தாள் நடுவில் உப்பிக்கொண்டது.

அபூ ஹைஸம் படித்தார். வாய் மூடவில்லை.

"நம்ம லஸ்ஸீக்கா?"

"ஆமா."

"யா அல்லாஹ்! காலையிலேர்ந்து இதுக்கு முன்னாடிதான் நின்னு பழம் வித்துட்டிருக்கேன்." தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டு வருஷமா ஆளையே காணோம். மக வந்து மேட்டுத் தெருவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான்னாங்க." பிறகுதான் அவளை உற்றுப் பார்த்தார். "நீ?"

"அந்த மகதான்."

"சினிமாக்காரியா!" அவர் வேறொன்றும் கேட்கவில்லை. அவள் கையிலிருந்த பிரஷைப் பார்த்தார். "அதை அப்படிப் பிடிக்காதேம்மா. நடுவுலேர்ந்து ஓரத்துக்குத் தள்ளணும். என் வண்டிக்குப் பின்னால இந்தச் சுவத்துல நாப்பது வருஷம் ஒட்டினார். சுவரை நாசம் பண்றேன்னு நான் திட்டுவேன். 'உன் மூஞ்சியைப் பார்க்கறதுக்கு இந்த நடிகை மூஞ்சி தேவலை'ம்பார்." கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டிமேல் தார்ப்பாயை இழுத்து மூடினார். எதிர்க்கடையைப் பார்த்துக் கத்தினார்: "டேய், லஸ்ஸீக் மவுத்தாயிட்டார்டா! அஸருக்கு ஜனாஸா!"

எதிர்க்கடைக்காரன் உள்ளே திரும்பிக் கத்தினான். அவனுக்கு அடுத்தவன் கத்தினான். அந்தச் சொல் தெருவில் அவளுக்கு முன்னால் ஓடியது. ஹியாம் சுவர் சுவராக எழுதி ஒட்டிக்கொண்டு போனாள். சிறுவயதில் எந்தச் சொல் காதில் விழுந்தால் சந்துக்குள் ஒளிந்துகொள்வாளோ, அதே சொல்லை இன்று கடைக்காரர்கள் அழுதுகொண்டே சொன்னார்கள். ஷட்டர்கள் பாதி இறங்கின. பதினேழாவது தாளை ஒட்டும்போது பிரஷை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளக் கொஞ்சம் வந்துவிட்டது.

பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் தடி ஊன்றும் சத்தம் கேட்டது. திரும்பினாள். முதலில் அவள் கண்ணில் பட்டது முகம் இல்லை, கோட்டுதான். பழுப்புக் கட்டம் போட்டது. இந்த வெயிலுக்கு ஆகாத கம்பளிக் கோட்டு.

"என்ன, என் கோட்டையே பார்க்கறே?" என்றார் கிழவர். அபூ ஸலீம். நுஜூம் தியேட்டர் வாசலில் முப்பது வருஷம் டிக்கெட் கிழித்தவர். "கல்யாணத்துக்கும் சாவுக்கும் இது ஒண்ணுதான் எனக்கு."

"இதை... அப்பா போட்டிருந்தார். ஒரு பத்திரிகையில பார்த்தேன்."

"எங்கிட்ட வாங்கிட்டுப் போனதுதான்." அவர் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார். "வெளிநாட்டுக்காரங்க வர்றதுக்கு முந்தின நாள். உங்க வீட்டுக்கு ஃபோன் பண்ணி, தியேட்டர் முதலாளி இருக்காரான்னு கேட்டாங்களாம். முன்ஸிர் சிரிச்சுட்டு உண்மையைச் சொல்லப் போயிருக்கான். உங்கப்பா பிடுங்கி, 'முதலாளிதான் பேசறேன்'னுட்டாராம். நீ என்னென்ன எழுதியிருக்கேன்னு அந்த ஆளையே படிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டு நேரா எங்கிட்ட வந்தார். 'அபூ ஸலீம், நீ உள்ள இருந்தவன், நான் வெளிச்சுவரோட சரி. எத்தனை சீட்டுடா?'ன்னார். எதுக்குன்னேன். 'நான் முதலாளியாயிட்டேன்'னார்."

ஹியாமின் கையில் பிரஷ் இருந்தது. பசை சொட்டிக்கொண்டிருந்தது.

"அறுநூத்திப் பன்னெண்டுன்னு சொன்னேன். வழி பூரா அதையே சொல்லிப் பார்த்துட்டு வந்தார். முதலாளியானதுக்கு ஒரு காப்பிகூட வாங்கித் தரல, கஞ்சன்." அபூ ஸலீம் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "இதோ, இதைப் பாரு." கோட்டின் கைமுனையை நீட்டினார். துணியின் கட்டத்துக்குள் இறுகிப்போன வெள்ளைக் கறை. "பள்ளிவாசல் சுவத்துல ஒரு நோட்டீஸ் ஓரம் பிரிஞ்சு தொங்கிட்டிருந்துது. முதலாளி வேஷம் போட்டிருக்கோம்ங்கறது மறந்துபோச்சு மனுஷனுக்கு. போய் நல்லாத் தேச்சு ஒட்டிட்டுத்தான் வந்தார். கம்பளி, துவைக்க மனசு வரல, அப்படியே இருக்கு."

"கோவமா இருந்தாரா?" என்று கேட்டாள் ஹியாம்.

"கோவமா? ஒண்ணுதான் சொன்னார். 'நான் உங்கிட்ட வந்து கேட்டேன்னு அவளுக்குத் தெரிய வேண்டாம். கூச்சப்படுவா'ன்னார். மூணு வருஷம் வாயத் திறக்கல. இன்னிக்கு அவர் இல்ல. சொன்னா என்னை யாரு திட்டப்போறா?"

அவர் தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே தொழப் போனார். ஹியாம் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். இப்படியொரு வெட்கத்தை அவள் அறிந்ததில்லை. பொய் சொன்னதற்குக்கூட ஒரு சாக்கு வைத்திருந்தாள். இதற்கு ஒன்றுமே இல்லை. எண்பது வயதில் இரவல் கோட்டு மாட்டிக்கொண்டு மனப்பாடம் பண்ணியிருக்கிறார். அவள் கூச்சப்படக் கூடாது என்று மூன்று வருஷம் ஆரஞ்சு விலையைப் பேசியிருக்கிறார்.

"ஹியாம்?"

மதாம் நயிலா. கார் உள்ளே வராத சந்து என்பதால் நடந்தே வந்திருந்தாள். கறுப்புக் கண்ணாடி, பின்னால் நாலு பேர். ஹியாமின் கையை, வாளியை, உடுப்பில் வழிந்திருந்த பசையைப் பார்த்தாள். பிறகு சுவரைப் படித்தாள்.

"இதுல யாரோ என்னமோ கிறுக்கியிருக்காங்களே. லஸ்ஸீக்னு. வேற ஆளோட குழப்பிட்டாங்களா?"

"நான்தான் எழுதினேன், மதாம். அப்பா போஸ்டர் ஒட்டினவர். சாவு நோட்டீஸும் ஒட்டுவார். தியேட்டர் எங்களோடது இல்ல."

"இல்லையே, அந்தப் பத்திரிகையில அவரே சொல்லியிருந்தாரே?"

தப்பிக்க ஒரு வழி திறந்தே கிடந்தது. அப்பா திறந்து வைத்துவிட்டுப் போன வழி. கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டு, வயசாகிவிட்டது, ஏதோ சொல்லிவிட்டார் என்றால் போதும். பழி அவரோடு மண்ணுக்குள் போய்விடும்.

"ஆமா, சொன்னார்" என்றாள் ஹியாம். "எனக்காகப் பொய் சொன்னார். முதல்ல சொன்னது நான்."

மதாம் நயிலா கண்ணாடியைக் கழற்றினாள். மறுபடி மாட்டிக்கொண்டாள். பின்னால் இருந்த நாலு பேரில் ஒருவன் செருப்பு முனையைப் பார்த்தான். "அவர் மிச்சம் வெச்ச ஆயுசு உனக்குச் சேரட்டும்" என்று சொல்ல வேண்டியதை முறையாகச் சொன்னாள். "படத்தைப் பத்தி... அப்புறம் பேசுவோம்." அந்தக் குரலில் எந்தப் பக்கமும் தெரியவில்லை.

உள்ளே தொழுகை முடிந்தது. வரிசை பள்ளிவாசலுக்குள் கொள்ளாமல் முற்றத்துக்கு வந்து, முற்றம் கொள்ளாமல் தெருவுக்கும் வந்திருந்தது. ஏழோ எட்டோ வரிசை, அவள் எண்ணவில்லை. அப்பாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். முன்னால் முன்ஸிர், பக்கத்தில் அபூ ஹைஸம். அடக்கத்துக்குப் பெண்கள் போவதில்லை. ஹியாம் வாளியோடு சுவரோரம் ஒதுங்கினாள். மதாம் நயிலாவும் ஒதுங்கி நின்றாள்.

கூட்டம் உரசிக்கொண்டு போனதில், கடைசியாக ஒட்டிய நோட்டீஸின் ஓரம் பிரிந்து காற்றில் படபடத்தது. பசை இன்னும் காயவில்லை. ஹியாம் உள்ளங்கையை நடுவில் வைத்து ஓரத்துக்குத் தேய்த்து, அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

சந்து திரும்பும் இடத்தில் முன்ஸிர் தோள் மாற்றினான். அபூ ஸலீம் தடியை யாரிடமோ கொடுத்துவிட்டு, நாலடி தூரமாவது தூக்குகிறேன் என்று உள்ளே புகுந்து கையை உயர்த்திப் பிடித்தார். தலைகளுக்கு மேலே அந்தக் கோட்டின் கைமுனை மட்டும், வெள்ளைக் கறையோடு, திருப்பம் வரைக்கும் தெரிந்தது.